கூம்பு, ஒன்று

படிவத்தில் எழுதினேன்:
கூம்பு. எண்ணிக்கை ஒன்று.
எடை பதினெட்டு கிராம்.
வந்த இடம் கனடா.

சாங்கி, மூன்றாம் முனையம், விடிகாலை நாலு இருபது.
கம்பளிச் சட்டையைக் கழற்றி இடுப்பில் முடிந்துகொண்டு நின்றாள்
தாட்சாயணி கோபால்சாமி,
கடவுச்சீட்டின்படி இருபத்தாறு வயது.
கோடை முழுக்க அங்கே எரிந்த காட்டில் மரம் நட்டாளாம்,
கன்றுக்குப் பதினைந்து காசு.
நகக்கண்ணில் இன்னும் அந்த மண்.
மண்ணுக்கும் ஒரு படிவம் உண்டு. நான் எடுக்கவில்லை.

"மூடித்தானே இருக்கு, பாருங்க.
லேசுல திறக்காது.
காடு பத்தி எரிஞ்சாத்தான் திறக்கும்."

விதை விதைதான் என்றேன்.
சட்டம் பேசும்போது என் குரல்
மின்தூக்கி அறிவிப்பு மாதிரி ஆகிவிடும், மகன் சொல்வான்.

அவள் அழவில்லை. விவரம் சொன்னாள்,
பிள்ளையை விட்டுப் போகிறவர்கள்
பால் நேரம் சொல்வதைப் போல.

கிளை நுனியில், சிவப்பாக,
பட்டாணி அளவில்தான் தொடங்குமாம்.
கோடை பிறக்கையில் ஆண் கூம்புகள் மஞ்சள் தூளைக் கொட்டும்,
குட்டைத் தண்ணீர், லாரிக் கண்ணாடி,
சாப்பிட எடுத்த ரொட்டி எல்லாம் மஞ்சள்.
ஒரு துகள் செதிலுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.
அதன்பின் ஒன்றும் நடக்காது.

ஓர் ஆண்டு.

பனி மூடி, பனி உருகி,
அடுத்த கோடையில்தான் அந்தத் துகள்
வந்த வேலையை முடிக்கும்.
செதிலுக்கு இரண்டு விதை,
விதைக்கு ஒற்றைச் சிறகு.
பறக்க எல்லாம் தயாரான பிறகு
மரம் பிசினை வைத்து வாயை அடைத்துவிடும்.
பத்து வருடம். இருபது. இன்னும்கூட.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.
அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

நம் மொழியில் கூம்பு என்பதற்கு
மூடிக்கொள் என்றும் ஒரு பொருள் உண்டு.
மாலையில் தாமரை செய்யும் வேலை.
தாமரைக்கு மறுநாள் சூரியன் வரும்.

அன்று பணி முடிந்து தெம்பனிஸ் திரும்பினால்
புளோக்குக்குக் கீழே மஞ்சாடி மரம்
காயை முறுக்கி உடைத்து
சிவப்பு விதைகளை நடைபாதையெங்கும் சிந்தியிருந்தது.
யாரையும் கேட்கவில்லை. எதற்கும் காத்திருக்கவில்லை.
நான் மிதித்துத்தான் உள்ளே போனேன்.
கை கழுவியும் போகாமல்
சோற்றில் பிசின் வாசம்.

பதினான்கு நாள் அலமாரியில் இருந்தது,
வெற்றிலைக் கட்டுக்கும்
யாரோ கொண்டுவந்த துளசிச் செடிக்கும் நடுவே.
துளசி மூன்றாம் நாளே கருகியது.
இது அப்படியே, முகம் கொடுக்காத விருந்தாளி.

துவாஸுக்கு வண்டி வியாழக்கிழமை.
அழிக்கும் முறை என்ற கட்டத்தில்
எரித்தல் என்று எழுதிய பிறகுதான்
கை நின்றது.

அங்கே எண்ணூறு டிகிரிக்கு மேல்.
காட்டுத்தீ கடந்துபோய்விடும், உலை போகாது.
ஆனாலும் அந்த எண்ணூறுக்கு முன்னால்
வெறும் அறுபதைத் தாண்டும் ஒரு கணம்
இருந்துதானே ஆக வேண்டும்.
பிசின் இளகும் கணம்.
மீன் செவுள்போல் செதில்கள் விரிந்து,
வேளை வந்துவிட்டதென்று,
சாம்பலாய் ஈரமண் கீழே கிடக்கிறதென்று,
அத்தனை சிறகுகளும்

மேலதிகாரி சுபைதா கேட்டாள்,
"என்ன, ஒரு பைக்கு இவ்வளவு நேரமா?"
பையைக் கட்டினேன். முத்திரை எண் எழுதினேன்.

படிவத்தைக் கிழித்துக் கோப்பில் வைக்கப் பார்த்தால்
அசலும் நகலும்,
அவள் விரல் பட்ட மூலையில்,
ஒட்டிக்கொண்டிருந்தன.
இழுத்துப் பார்த்தேன், தாள்தான் கிழிகிறது.
ஒன்றாகவே வைத்துவிட்டேன்.